தலை சுற்றாத வீடு

தம்பி,

இதைப் போனில் சொல்லத்தான் இரண்டு மூன்று தரம் வெளிக்கிட்டேன். சரிவரவில்லை. உன் முகம் தெரிந்ததும் என் வாய் தன்பாட்டில் "நாங்கள் நல்லாத்தான் இருக்கிறம் ராசா" என்று தொடங்கிவிடுகிறது. அப்படித் தொடங்கிய பிறகு வேறு எதைச் சொன்னாலும் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. உன் அப்பா எதிர்க் கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்கிற பாவனையில், நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும். அவரைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன்.

போன கிழமைக்கு முதல் கிழமை நீ போன் எடுத்தபோது நான் வலு புளுகத்தில், பெரிய சந்தோஷத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் என் தலைச்சுற்றுக்கு மாக்ஸ் போடுவார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன்தானே. கூடினால் நோய் கூட, குறைந்தால் சுகம். என்னுடைய மாக்ஸ் நன்றாக விழுந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னேன். "அப்ப சுகமாயிட்டுது எண்டு சொல்லுங்கோ!" என்றாய். "ஓமெண்டுதான் கடதாசி சொல்லுது" என்றேன். பிறகு கேட்டாய்: "அம்மா, அப்ப இந்தத் திருவிழாவுக்கு அந்தரப்பட்டு ஓடி வராமல், வாற வருஷம் ஆறுதலா லீவு எடுத்துக்கொண்டு வரட்டே? இஞ்சை வேலையிலையும் ஆள் காணாது. உங்களுக்குச் சுகமில்லை எண்டுதான் நான் வெளிக்கிட்டனான்." நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஓம் ராசா, அதுதான் நல்லது" என்றேன். போனை வைத்துவிட்டு உன் அப்பாவுக்குச் சோறு போட்டேன். "இண்டைக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சுப் போலை" என்றார் மனிதர். "அப்ப நாளையிலை இருந்து நீங்களே சமையுங்கோ" என்று பாய்ந்து விழுந்தேன். அடுத்த நாள் விடிய அவர் உண்மையாகவே குசினிக்குள் நின்றார். அவருடைய சம்பலைச் சாப்பிட்டதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

இந்த நோய் வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அரைகுறையாகத்தான் சொன்னோம். உன் அகதி வழக்கு வென்று, கனடாவில் இருக்க உனக்குக் கடதாசி கிடைத்த வருடம் அது. ஒருநாள் காலையில் கட்டிலில் இடப்பக்கம் புரண்டேன். அவ்வளவுதான். கூரையும் யன்னலும் அலுமாரியும் என்னைச் சுற்றி ஓடத் தொடங்கின. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன். உன் அப்பா ஓடிவந்து, "பிறசர்" என்று முடிவுகட்டி, தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து நின்றார். காது மூக்கு தொண்டை டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். காதுக்குள் சமநிலையைப் பார்க்கிற இடத்தில் மணல்போலத் துகள்கள் இருக்குமாம், அவை இடம் மாறிப் போனால் இப்படித்தான் வருமாம். தலையைப் பிடித்து ஒரு பக்கம் சரித்து, மற்றப் பக்கம் திருப்பி, எழுப்பி இருத்தினார். நின்றுவிட்டது. சில மாதங்களில் திரும்ப வந்தது. போனோம், நின்றது. பிறகும் வந்தது. கடைசியில் எல்லாத் துகளும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று டொக்டர் சொன்ன பிறகும், எனக்கு நடக்கும்போது நிலம் பஞ்சாக இருந்தது. இந்தா வரப்போகிறது, இந்தா வரப்போகிறது என்று உடம்பு முழுக்கப் பயம் குடியிருந்தது. சமநிலைக்குப் பயிற்சி செய்யவேண்டும் என்று இயன்மருத்துவப் பகுதிக்கு அனுப்பினார்.

அங்கே துஷ்யந்தி என்றொரு பிள்ளை இருக்கிறாள். நெல்லியடியில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். உன்னைவிட இரண்டொரு வயது இளமையாக இருப்பாள். நீ ஒன்றும் யோசிக்காதே, கலியாணம் முடித்துவிட்டாளாம், நான் கேட்டுவிட்டேன். அவள் என்னை இரண்டு விதமாக அளப்பாள். ஒன்று உடம்பை வைத்து. மெத்துமெத்தென்ற ஒரு தடித்த மெத்தையில் ஏறி, கையைக் கட்டி, கண்ணை மூடி நிற்க வேண்டும். பிறகு தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு அந்த நீளச் சுவரோரம் நடக்க வேண்டும். இதைச் செய்யும்போது நான் கள்ளுக் குடித்த ஆள் மாதிரித்தான் போவேன், அவள் பின்னாலே கையை விரித்துக்கொண்டு வருவாள். மற்றது கேள்விகளை வைத்து. அண்ணாந்து பார்த்தால் சுற்றுகிறதா, குனிந்தால் சுற்றுகிறதா, படுக்கையில் புரண்டால் சுற்றுகிறதா, தனியே வெளியில் போகப் பயமா, இப்படி வரிசையாகக் கேட்பாள். "ஓம்", "சிலவேளை", "இல்லை" என்று நான் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். மாதங்கள் போகப் போக 'இல்லை'கள் கூடிக்கொண்டு வந்தன. நான் உனக்குப் பெருமையடித்த மாக்ஸ் அந்த 'இல்லை'களால் வந்ததுதான்.

நீ வரவில்லை என்று சொன்ன கிழமை திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெத்தையில் ஏற்றினாள், கண்ணை மூடினேன், உடனே சரிந்தேன். பிடித்து இருத்திவிட்டு, என் கடதாசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, கேள்வியிலை நீங்கள் சுகம். மெத்தையிலை ஏறினா சுகமில்லை. இரண்டிலை ஒண்டு பிழை சொல்லுது" என்றாள். "உம்மடை மெத்தைதான் பிழை" என்றேன். சிரித்துவிட்டுக் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"மேல் தட்டிலை இருந்து சாமான் எடுக்கேக்கை தலை சுத்துதோ?"

"இல்லைப் பிள்ளை."

"எப்ப கடைசியா எடுத்தனீங்கள்?"

"நான் எடுக்கிறேல்லை. அவர் எல்லாத்தையும் கீழை இறக்கி வைச்சிட்டார்."

"முற்றம் கூட்டேக்கை?"

"அவர்தான் கூட்டுறவர்."

"சரி, படுக்கையிலை புரளேக்கை?"

"நான் கட்டிலிலை படுக்கிறேல்லைப் பிள்ளை. சாய்மனைக் கதிரையிலை இருந்தபடிதான் நித்திரை கொள்ளுறனான்."

"எவ்வளவு காலமா?"

"அது... ஒரு வருஷம் வரும்."

அவள் பேனையை மூடி வைத்தாள். கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. "அம்மா, உங்களுக்குத் தலைச்சுத்து மாறேல்லை. தலை சுத்துற இடம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்திட்டீங்கள், அவ்வளவுதான்" என்றாள். பிறகு விளங்கப்படுத்தினாள். சுற்றும் என்று பயந்து தலையை அசைக்காமல் வைத்திருந்தால் மூளை பழகாதாம். கொஞ்சம் சுற்ற விட வேண்டுமாம், அதோடு நின்று பார்க்க வேண்டுமாம். "சுத்தினதோ இல்லையோ எண்டு இனிக் கேக்க மாட்டன். சுத்தி எவ்வளவு கெதியாத் தெளியுது எண்டு பாப்பம். விட்ட வேலையிலை எதைத் திரும்பத் தொடங்கியிருக்கிறீங்கள் எண்டு பாப்பம்." கேள்விகளைத் திரும்ப முதலில் இருந்து கேட்டாள். செய்யாத வேலைக்கு 'இல்லை' சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். மாக்ஸ் ஏறி எங்கேயோ போய் நின்றது. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பா, "மாக்ஸ் கூடினா நல்லதுதானே" என்றார். இவ்வளவு காலம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து போகிற மனிதர்!

அன்று பின்னேரம் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அரிசி டின், பருப்பு டின், மா டின் எல்லாம் என் இடுப்பு உயரத்தில் நிற்கின்றன. உடுப்புக் காயப்போடுகிற கொடியை உன் அப்பா என் நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டியிருக்கிறார், அவர் உடுக்கிற சாரம் நிலத்தில் இழுபடுகிறது. முருங்கைக்காய் பிடுங்குகிற தடியை எங்கேயோ ஒளித்துவிட்டார். சுவாமிப் படங்களைக்கூட அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாமல் கீழே மாட்டிவிட்டார். ஒன்றும் சொல்லாமல், கேட்காமல், ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார். நானும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வீட்டில் எங்கேயும் எனக்குத் தலை சுற்றாது. நாற்பது வருடமாக என்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர் அவர். கொடியைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதேன். அன்பில்தான் செய்தார். ஆனால் அந்த அன்புக்குள்ளே நான் சுருங்கிப் போயிருக்கிறேன், அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

துஷ்யந்தி அன்று இன்னொன்றும் கேட்டாள். "அம்மா, சுகமானா என்ன செய்ய வேணும் எண்டு உங்களுக்கு ஆசை? அதை வைச்சே அளப்பம்." சந்தைக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகுதான் முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடனைச் சொன்னேன். உனக்கு முதல் தரம் வழக்குத் தோற்ற நாள் நினைவிருக்கும். நீ அழாமல் கதைத்தாய், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே எங்கள் கோயிலுக்குப் போய், இவனுக்குக் கடதாசி கிடைத்தால் தேரன்று வெளிவீதி முழுக்க அடியழிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தேருக்குப் பின்னாலே ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்ய, அவர்களுக்குப் பின்னால் பெண்கள் முழங்காலில் விழுந்து, நெற்றி மண்ணில் பட வணங்கி, எழும்பி, ஓரடி வைத்து, திரும்ப விழுந்து அடியழித்துப் போவதை நீ சின்னனில் இருந்து பார்த்திருக்கிறாய். "முழங்கால் நோவோடை உமக்கேன் உந்த வேலை? ஒரு அர்ச்சனை செய்தாப் போதாதோ?" என்றார் உன் அப்பா. போதாது என்று எனக்குத் தெரியும். நான் கேட்டது சின்னச் சாமான் இல்லை. கடதாசி வந்தது. தேர் வருவதற்குள் தலைச்சுற்றும் வந்தது. குனிந்து எழும்புவதுதான் இந்த நோய்க்கு எதிரி என்றால், முருகன் என்னோடு பகிடி விடுகிறார் என்றுதானே நினைப்பேன். போன தேருக்குப் பந்தலுக்குக் கீழே ஒரு கதிரையில் இருந்துகொண்டு, மற்றப் பெண்கள் மண் அப்பின நெற்றியோடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு அதைச் சொல்லவில்லை.

துஷ்யந்தி சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நிலத்தில் ஒரு பாயை விரித்து, "எப்பிடிச் செய்யிறது எண்டு செய்து காட்டுங்கோ, நானும் பக்கத்திலை செய்யிறன்" என்றாள். அந்த வெள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் முழங்காலில் விழுந்தாள் அந்தப் பிள்ளை. நான் நெற்றியைப் பாயில் வைத்து எழும்பினேன். சுவர் சுற்றியது. வழக்கமாக நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடிக்க ஆளைத் தேடுவேன். "கண்ணைத் திறந்து வைச்சிருங்கோ. அந்த யன்னல் கம்பியைப் பாருங்கோ. பிடிக்காதேங்கோ, நான் இருக்கிறன்" என்றாள். பார்த்தேன். யன்னல் ஓடியது, ஓடியது, பிறகு மெல்ல ஓடியது, பிறகு நின்றது. நான் விழவில்லை. "தெளிஞ்சிட்டுதோ?" என்றாள். "தெளிஞ்சிட்டுது" என்றேன். "அப்ப இன்னொருக்கா" என்றாள் ராட்சசி. இப்போது தினமும் காலையிலும் பின்னேரமும் வீட்டில் பாய் விரித்துச் செய்கிறேன். உன் அப்பா கைகளை விரித்துக்கொண்டு பக்கத்திலே நிற்கிறார். தொடக்கூடாது என்று அவருக்குக் கட்டளை. சுற்றத்தான் செய்கிறது, ஆனால் கெதியாகத் தெளிகிறது. இந்தத் தேருக்கு வீதி முழுக்க வேண்டாம், கோயில் வாசல் அளவுக்குச் செய்யுங்கள் என்று துஷ்யந்தி சொல்லியிருக்கிறாள். மிச்சத்துக்கு முருகன் பொறுப்பார். அவருக்கு என்னைத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஒன்பது வருடமாக நீ ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாய்: "அம்மா, தனியா இருக்கிறது கஷ்டமா இருக்கே?" நான் "இல்லை ராசா" என்கிறேன். துஷ்யந்தி என்னிடம் கேட்ட மாதிரி நீ என்னை ஒருநாளும் குறுக்கே கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீ போன பிறகு, நீ விரும்பிச் சாப்பிடுகிற நண்டை நாங்கள் வீட்டுக்கு வாங்கவில்லை. அப்பாவுக்குப் பல் சரியில்லை என்று சாட்டுச் சொல்கிறேன், அவர் பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் முறுக்குக் கடிக்கிறார். உன்னோடு படித்த பெடியன்களின் கலியாணங்களுக்கு அவரை மட்டும் அனுப்பிவிட்டு நான் தலையிடி என்று நின்றுவிடுகிறேன், தலைச்சுற்று வருவதற்கு முதலே அப்படித்தான். உன் அறையில் வெங்காயம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எங்கள் கோப்பாயில் வெங்காயம் வைக்க இடமில்லாத வீடு என்று ஒன்று இல்லை, பின்பக்கத்து மால் கொட்டில் வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் உன் அறைக்குள்தான் கட்டினோம், வெங்காயம் எடுக்க அல்லாமல் வேறு எதற்கும் அதற்குள் போகாமல் இருக்கலாம் என்று. நான் உன்னை நினைத்துத் துக்கப்படாத ஆள் இல்லை, தம்பி. துக்கம் வருகிற இடமெல்லாம் விட்டுவிட்டு வந்து, இல்லை, இல்லை என்று உனக்கு நல்ல மாக்ஸ் காட்டிக்கொண்டிருந்தேன்.

முந்தநாள் அந்த அறைக்குள் போனேன். வெங்காயத்தை எல்லாம் உன் அப்பாவைக் கொண்டு மாலுக்கு மாற்றினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. உன் கட்டிலைத் துடைத்து, பெட்சீற் விரித்து, மத்தியானம் அதில் நேராகப் படுத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு முதுகு நிமிரப் படுத்தது அன்றைக்குத்தான். பிறகு இடப்பக்கம் புரண்டேன். சுற்றியது. யன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், தெளிந்தது. தெளிந்த பிறகு சுவரில் நீ சின்ன வயதில் பென்சிலால் கிறுக்கிய கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் கண்ணில் பட்டது. எழும்பி ஓட நினைத்தேன். ஓடவில்லை. அப்படியே கிடந்து, வெங்காய மணத்துக்குள் நன்றாக அழுதேன். உன் அப்பா வாசலில் வந்து நின்று, "தேத்தண்ணி போடட்டே?" என்றார். "போடுங்கோ, சீனி கூடப் போடுங்கோ" என்றேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதோ தெரியாது. ஆனாலும் அம்மா என்றால் சொல்லத்தானே வேண்டும். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவள் "ஒண்டுமில்லை" என்று சொன்னால், அதோடு விட்டுவிடாதே. இப்போது என்ன செய்வதை விட்டிருக்கிறாய் என்று கேள். வேலையில் உன்னோடு இருக்கிறவன் "பழகிப்போச்சு" என்று சொன்னாலும் அதையே கேள். இப்போது உன்னிடமும் கேட்கிறேன். நீ "இஞ்சை ஒரு பிரச்சினையும் இல்லை அம்மா" என்கிறாய். உண்மையாக இருக்கலாம். ஆனால் ஊரில் நாள் தவறாமல் கரப்பந்து விளையாடினவன் அங்கே பந்து தொட்டதாக நீ சொல்லி நான் கேட்கவில்லை. அங்கே நம்மவர்களின் கலைவிழாக்களுக்கு முதலில் போனாய், இப்போது போவதில்லை. போனில் நான் கமராவை முற்றத்துப் பக்கம் திருப்பினால் "அம்மா, உங்கடை முகத்தைக் காட்டுங்கோ" என்கிறாய். அதை அன்பு என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்குச் சந்தேகம். கடதாசி கிடைத்த பிறகு ஒவ்வொரு வருடமும் வருவதாகச் சொல்கிறாய், ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வருகிறது. லீவு, ஆள் காணாது, ரிக்கெற் விலை. நான் குற்றம் சொல்லவில்லை. சாட்டுச் சொல்வதில் நீ என்னுடைய பிள்ளைதானே. வந்து இந்த வாசல் படலையில் இறங்கினால் தலை சுற்றும் என்று உனக்கும் பயமோ என்று மட்டும் யோசிக்கிறேன். சுற்றும், தம்பி. பிறகு தெளியும். நான் பக்கத்தில் நிற்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பயம். நீ இதை வாசித்துவிட்டு, ஐயோ அம்மாவுக்குச் சுகமில்லை, மாக்ஸ் திரும்பக் கூடிவிட்டது என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாய். அப்படி வராதே. நோயைக் காட்டித்தான் பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்றால் நான் கூப்பிடாமலே இருந்துவிடுவேன். உண்மையில் எனக்குச் சுகமாகிக்கொண்டு வருகிறது. நேற்று நானே கொடியை உயர்த்திக் கட்டினேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் தேரன்று அந்த வாசலில் விழுந்து எழும்பத்தான் போகிறேன்.

உன் அப்பா இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டார். "என்ன, மகாபாரதமே எழுதுறீர்? பிள்ளையைக் கூப்பிட்டுக் கடிதத்தை முடியும்" என்கிறார். ஊர் வழக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, தாயைக் காணாமல் ஏங்குகிற சின்னப் பிள்ளைக்குத்தான் அதைச் சொல்வோம், பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுவார்கள். நான் இந்த ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அதை உனக்குச் சொன்னதில்லை.

எனக்கு உன்னைத் தேடுது, தம்பி. இந்தத் தேருக்கு வா.

அம்மா